ஒரு பைசாத் தமிழனும் நம் பண்டிதரும்

சித்தூர், வட ஆற்காடு சீமைகளிலிருந்து பிழைப்பைத் தேடிக் கோலார் தங்கவயலுக்குச் சென்ற நம் முன்னோரிற் பலர், சுரங்கக் கூலியில் ஒரு பைசாவை ஒதுக்கி வாரந்தோறும் ஒரு பத்திரிகை வாங்கினார்கள். ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது அக்கால வழக்கம். அப்பத்திரிகையை நடத்திய க. அயோத்திதாஸப் பண்டிதரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாய் வரைகின்றோம்.

பண்டிதர் 1845-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி சென்னையிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராகக் கொண்டார். சித்த வைத்தியத்தில் தேர்ந்தவர். நீலகிரியில் நெடுநாள் வாழ்ந்து, அங்கே அத்வைதானந்த சபையையும், 1891-ல் திராவிட மகாஜன சபையையும் நிறுவினார்.

அவர் குடும்பம் வைணவக் குடும்பம். இதனை நாம் மறத்தலாகாது. 1892-ல் சென்னை மகாஜன சபையார் கூட்டிய மாநாட்டிற்கு நீலகிரிப் பிரதிநிதியாகச் சென்ற அவர், விஷ்ணு ஆலயங்களில் நம்மவர் நுழையலாகாதென்பது ஏன் என வினவினார். கூட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது. சிறு தெய்வங்கள் உங்களுக்கு, பெருந்தெய்வங்கள் எங்களுக்கு என்னும் பொருள்பட ஒருவர் விடையிறுத்தார். அப்படியாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா. எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும், உழுதற்குத் தரிசு நிலமும் தருக என்று பண்டிதர் கேட்டார். அன்று திருப்பதி உள்ளிட்ட பெருங்கோயில்கள் யாவும் நம்மவர்க்கு மூடியே கிடந்தன. சென்னை மாகாணத்து ஆலயப் பிரவேசச் சட்டம் முழுமையாக வந்தது 1947-ல். பண்டிதரோ அக்கதவின்முன் காத்திருக்கவில்லை.

1898-ல் கர்னல் ஆல்காட் துரையுடன் கொழும்பு சென்று, சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் பெற்றார். அவ்வாண்டே சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. அவர் இல்லத்தில் பட்டாபிராமன் என்றொரு புதல்வரும், மாயாதேவி என்றொரு புதல்வியும் இருந்தனர். அவ்விரு பெயர்களே ஒரு மனிதரின் பயணத்தைக் காட்டுகின்றன அல்லவா?

1907-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. நான்கு பக்கம், புதன்கிழமைதோறும் வரும், விலையே பெயர். அடுத்த ஆண்டில் 'தமிழன்' எனப் பெயர் சுருங்கியது. அந்நாளில் படித்தோரெல்லாம் சுதேசியம் பேசினர். பண்டிதர் அவர்களை விடாது கேட்டார்: ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒரு குடம் நீர் மொள்ள விடாதவர் சுயராச்சியம் கேட்பது எங்ஙனம்? கிணறு, நிலம், பள்ளி, கூலி ஆகிய இவற்றைப் பற்றி எழுதிய அதே தாளில், இந்திரர் தேச சரித்திரத்தையும் தொடராக எழுதி, நம் குலத்தார் பூர்வ பௌத்தர் என நிறுவ முயன்றார். அவர் கூறிய சொல்லாராய்ச்சிகள் அனைத்தையும் இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. நாமும் அவை யாவற்றையும் வற்புறுத்தோம். ஆனால் இழிவு பிறப்பிலே வந்ததன்று, சரித்திரத்திலே சுமத்தப்பட்டது என்று ஏழைத் தொழிலாளிக்கு வாரந்தோறும் எடுத்துரைத்த பத்திரிகை அக்காலத்தில் வேறு எத்தனை இருந்தன?

1911-ம் ஆண்டுக் குடிக்கணக்கில் நம்மவர் பௌத்தரென்றே பதிய வேண்டுமென்று அதில் எழுதினார். 1914-ம் ஆண்டு மே 5-ந் தேதி பண்டிதர் காலமானார். புதல்வர் பட்டாபிராமன் சிறிது காலம் பத்திரிகையை நடத்தினார். பின்னர் அது நின்றது. 1926-ல் ஜி. அப்பாதுரையார் அதனை மீண்டும் தொடங்கினார். இம்முறை அது வெளிவந்தது சென்னையிலிருந்தன்று. பைசா சேர்த்து வாங்கியவர்களின் தங்கவயலிலிருந்து.