தென்னந்தோப்பில் தொடங்கிய வானியல் கண்

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் அம்பகரத்தூரில் வீட்டுக்கு வீடு டி.வி. முன்னாடிதான் உட்கார்ந்திருந்தோம். வங்கக் கடலில் வெள்ளைச் சுருளாகப் புயல் நகர்வதை இன்சாட் படம் காட்டியது. 1977 நவம்பர் 12-ல் நாகைப் புயல் அடித்தபோது ஊர் ஜனங்கள் இப்படிப் பார்க்க வழியே இல்லை என்பார் தாத்தா. கஜாவிலும் தென்னைகள் சாய்ந்தன. ஆனால் முன்கூட்டியே தெரிந்ததால் மனிதர்கள் ஒதுங்க முடிந்தது.

வானத்திலிருந்து பூமியை ஆராயும் இந்த வித்தை நம் நாட்டில் தொடங்கியதே ஒரு தென்னந்தோப்பில்தான் என்று படித்தபோது அசந்துபோனேன். தொடங்கியவர் பேராசிரியர் பி.ஆர்.பிஷாரடி.

1909 பிப்ரவரி 10-ல் கேரளத்தின் கொல்லங்கோட்டில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தார். கோடை விடுமுறையிலும் சும்மா இருக்கவில்லை. பெங்களூர் போய் சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். 1942-ல் வானிலைத் துறையில் சேர்ந்தார். பிறகு அமெரிக்காவில் டாக்டர் பட்டம். 1962-ல் புனேயில் தொடங்கிய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநரும் இவரே.

1967-ல் ஓய்வு பெற்றார். நம்மூரில் என்றால் திண்ணையில் சாய்ந்திருப்பார்கள்! அவரோ விக்ரம் சாராபாய் அழைக்க, அகமதாபாத் போய்ப் புதுப்பாடம் தொடங்கினார். கேரளத்தில் வேர்வாடல் நோய் தென்னைகளை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. 1970-ல் ஹெலிகாப்டரில் கேமராவைக் கட்டி, அகச்சிவப்பு பிலிமில் தோப்புகளைப் படம் எடுக்க வைத்தார். நல்ல ஓலை அகச்சிவப்புக் கதிரை நிறையத் திருப்பி அனுப்பும். அது படத்தில் சிவப்பாகத் தெரியும். நோய் கண்ட மரம் மங்கிவிடும். கீழே நின்று பார்ப்பவனுக்குத் தெரியுமுன்பே மேலிருந்து தெரிந்தது!

ஹெலிகாப்டர் ரஷ்யாவுடையது, கேமரா அமெரிக்காவுடையது. கேள்வி மட்டும் நம்முடையது. நம் மரத்துக்கு என்ன நோய் என்ற அந்தக் கேள்விதான் வளர்ந்து, 1979-ல் பாஸ்கரா, 1988 மார்ச் 17-ல் ஐ.ஆர்.எஸ்-1ஏ என்று வானம் ஏறியது. அதையெல்லாம் கண்ணாரப் பார்த்த பிறகே 2002 செப்டம்பர் 24-ல் அவர் மறைந்தார்.

லேபில் கருவி பத்தலை என்று நாம் அலுத்துக்கொள்கிறோமே, நண்பர்களே! இரவல் கருவியிலும் சாதிக்கலாம். கேள்வியை மட்டும் இரவல் வாங்க முடியாது. நம் வயல், நம் கடல், நம் தோப்பு என்ன கேட்கிறது என்று முதலில் காது கொடுப்போம்.