மாருதி 800-ஐ ரேஸ் கார் ஆக்கியவர்

கோவை பக்கத்துல, செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. இந்தக் கரி அடுப்புக்கரி இல்லைங்க, எஸ். கரிவர்தன்!

1954-ல் கோவையில் மில் நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். சோழவரம் ரேஸ்களில் கார் ஓட்டினார், சூப்பர் ஸ்பீட்ஸ் டீமை நடத்தினார். அப்போ ரேஸ் கார்னா பணக்காரங்க விளையாட்டு. திறமை மட்டும் இருக்கிறவங்க வேலிக்கு வெளியே நின்னு வேடிக்கை பார்க்கணும்.

இதை மாத்தினவர் கரி. தெருவுல ஓடுற மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை எடுத்தார். ஸ்டீல் குழாய் ஃப்ரேம்ல, டிரைவருக்குப் பின்னால பொருத்தினார். ஒற்றை இருக்கை கார் ரெடி! 1988-ல் ஃபார்முலா மாருதி பந்தயம் தொடங்கியது. எல்லாருக்கும் ஒரே இன்ஜின்ங்கறதால, ஜெயிக்கிறது ஓட்டுறவர் கையில. ஸ்பேர் பார்ட்ஸும் உள்ளூர்லயே கிடைக்கும்.

1995-ல் நடந்த சிறிய விமான விபத்தில் கரி இறந்தார். வயது 41. ஃபார்முலா மாருதியில் ஓட்ட ஆரம்பித்த கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்க கரி இல்லை.

ஃபார்முலா ஸ்டூடன்ட் கார் செய்யணும்னு ஆசைப்பட்டு, திருச்சியில ஸ்பான்சர் தேடி அலையுற ஜூனியர்ஸ், இவரை ஞாபகம் வெச்சுக்கோங்க. வெளிநாட்டு இன்ஜின் வரட்டும்னு இவர் காத்திருக்கல.