பிணவறைக் கதவைத் தட்டியவர்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் பறந்த இந்தியர்கள் ஒரு சிலரே. அவர்களில் ஒருவர் இந்திரலால் ராய். 1898 டிசம்பர் 2 அன்று கொல்கத்தாவில் பிறந்து, லண்டனில் படித்தவர்.

கண் பார்வையில் குறை என்று முதலில் அவரைத் தள்ளிவிட்டார்கள். தன் மோட்டார் சைக்கிளை விற்ற பணத்தில் பெரிய கண் மருத்துவரிடம் காட்டி, அந்த முடிவை மாற்ற வைத்தார். 1917 ஜூலையில் விமானப் படை அதிகாரியானார்.

அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று பிரான்சில் அவருடைய விமானம் விழுந்து நொறுங்கியது. இறந்துவிட்டார் என்று நினைத்துப் பிணவறையில் கிடத்தினார்கள். நினைவு திரும்பியதும், பூட்டிய கதவைத் தட்டிக் கூச்சலிட்டார் என்று சொல்லப்படுகிறது.

உடல் தேறிய பிறகும், இனிப் பறக்கத் தகுதியில்லை என்றார்கள் மருத்துவர்கள். விடாமல் வாதாடி, 1918 ஜூனில் 40ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். ஜூலை 6 முதல் 19 வரை, 14 நாட்களில் 10 வெற்றிகள். ஜூலை 22 அன்று கார்வின் நகருக்கு மேலே நடந்த சண்டையில் வீழ்ந்தார். வயது 19. டி.எஃப்.சி. என்னும் வீர விருது இறந்த பிறகே வந்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

பிணவறையிலிருந்து மீண்ட பின் அவருக்குக் கிடைத்த தவணை ஏழரை மாதம். அது எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. மருத்துவர் சொல்லைக் காரணம் காட்டி வீட்டிலேயே இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இருக்கவில்லை.