சிதம்பரம் போய்த் திரும்பிய மகாராசன்

நாரணாபுரத்திலும் அதையடுத்த பட்டாசுக் கிராமங்களிலும் சட்ட உதவி நாடி எங்களிடம் வரும் குடும்பங்களில் ஒரு பகுதியினர் தலித் கிறிஸ்தவர்கள். அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே தெருவில்தான் வாழ்கின்றன. இரண்டு வீட்டுப் பெண்களும் சரவெடி பின்னுகிறார்கள். ஆண்கள் மருந்து செலுத்தும் அறைக்குப் போகிறார்கள். ஊர்த்தெருவில் இருவருக்கும் கிடைக்கும் மரியாதையும் ஒன்றே. ஆனால் அண்ணனுடைய பிள்ளை பட்டியல் சாதிச் சான்றிதழ் பெறுகிறது. ஞானஸ்நானம் பெற்ற தம்பியின் பிள்ளை பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்கிறது. சாதியைச் சொல்லி ஒருவன் இருவரையும் அடித்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அண்ணனுக்கு உண்டு, தம்பிக்கு இல்லை.

இந்தப் பாகுபாட்டை நியாயப்படுத்துவோர் இரண்டு எண்ணங்களின் மேல் நிற்கிறார்கள். மதம் மாறியவர் சாதியை விட்டு வெளியேறிவிட்டார் என்பது ஒன்று. மிஷனெரிகளின் கொடையை வாங்கிக்கொண்டு மாறியவருக்கு அரசு வேறு எதற்குக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது சட்டமொழியில் வரும். இரண்டாவது டீக்கடையில் வரும். சில வேளைகளில் நீதிமன்ற வராந்தாவிலும் காதில் விழும்.

சிவகாசி வட்டாரத்தில் கிறிஸ்தவம் எப்படி வந்தது என்று சபை மக்களிடம் கேட்டால் தாமஸ் ராக்லாந்தின் பெயரைச் சொல்வார்கள். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து விளங்கியவர். வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரமடித்து ஊர் ஊராகச் சுற்றியவர். 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்தவர். அவருடைய உழைப்பைக் குறைத்துப் பேச வேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் வெள்ளையர் தேடி வந்தார், தலித் மக்கள் பெற்றுக்கொண்டார்கள் என்ற கதை மட்டுமே நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. ராக்லாந்துக்கு அரை நூற்றாண்டு முன்னதாக, நமக்குத் தெற்கே, ஒரு பறையர் தாமே நடந்துபோய்த் தேடினார், கொண்டுவந்தார், கொடுத்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் அவர் பெயரை அறியாத சபை அரிது. விருதுநகர் மாவட்டத்து மாணவர்களுக்கு அது புதிதாக இருப்பதால் இங்கே எழுதுகிறோம்.

மயிலாடி இன்று கற்சிற்பங்களுக்குப் பேர்போன ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது திருவிதாங்கூர் அரசின் தென்கோடிக் கிராமங்களுள் ஒன்று. அந்த அரசில் பறையரும் புலையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட காலம் அது. எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சாதி வகுத்திருந்தது. அங்கே சாம்பவர் என்று இன்று அழைக்கப்படும் பறையர் குலத்தில் பிறந்தவர் மகாராசன். அப்படிப்பட்ட நாட்டில் அக்குலத்துப் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்த பெற்றோரை நினைத்தால் நமக்குச் சற்றுப் பெருமிதம் உண்டாகிறது.

மகாராசன் ஆழ்ந்த சிவபக்தர். 1799ஆம் ஆண்டு வாக்கில் உறவுக்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டார். நேர்க்கோட்டில் அளந்தாலும் நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. பறையர் ஒருவர் தில்லைக்குப் போவது தமிழ் மரபில் என்ன பொருள் தரும் என்பதை இவ்விதழின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆதனூர் நந்தன் அதே தலத்துக்குப் போனார். தீயில் இறங்கித் தம் பிறப்பை எரித்த பின்னரே உள்ளே சேர்த்துக்கொள்ளப்பட்டார் என்று பெரியபுராணம் முடிக்கிறது. மகாராசனுக்குத் தீ மூட்டப்படவில்லை. கோயிலைச் சுற்றிக் கண்ட நடப்புகள் அவருக்கு வெறுப்பைத் தந்தன. தேடி வந்தது இங்கே இல்லை என்ற முடிவோடு அவர் திரும்பினார். நந்தன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, உயிரோடு திரும்பிவந்த இந்த இரண்டாம் நந்தன் ஏன் பாடநூலில் இல்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவ உறவினர் வீட்டில் தங்கினார். சுவார்ட்ஸ் 1798இல் மறைந்த பிறகு அங்கே மிஷன் பணியைக் கவனித்துவந்தவர் கோலாஃப். ஆலயத்தில் அவருடைய பிரசங்கத்தைக் கேட்ட மகாராசன் அங்கேயே தங்கிக் கற்று, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் ஆனார்.

தஞ்சைச் சபையைச் சமத்துவத்தின் இருப்பிடமாக நாம் கற்பனை செய்துவிடக் கூடாது. அங்கும் தரங்கம்பாடியிலும் வேளாளக் கிறிஸ்தவர் ஒருபுறமும் பறையக் கிறிஸ்தவர் மறுபுறமும் பிரிந்து அமர்ந்தார்கள். தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்த ராஜநாயக்கன் என்ற உபதேசியார், பிறப்பால் பறையர் என்பதாலேயே குருப்பட்டத்துக்கு ஒதுக்கப்பட்டார். 1733இல் அப்பட்டம் வேளாளரான ஆரோனுக்குச் சென்றது. நூறாண்டு கழித்து, 1833இல், சபைக்குள் சாதி கூடாது என்று பேராயர் வில்சன் ஆணையிட்டபோது தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் அதை எதிர்த்து நின்றனர். ஆகவே வேதமாணிக்கம் சாதியற்ற ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்தார் என்று சொல்ல முடியாது. சாதி உள்ள ஒரு கோயிலிலிருந்து சாதி உள்ள ஒரு சபைக்குப் போனார். ஆனால் இரண்டாவதில் உள்ளே அமர முடிந்தது; கையில் புத்தகம் கிடைத்தது. அந்த வேறுபாட்டைச் சிறிதென்று கருதுவோர், புத்தகம் மறுக்கப்பட்ட வீட்டில் பிறக்காதவர்கள்.

கோலாஃப் கொடுத்த நூல்களோடு ஊர் திரும்பினார். அடுத்த ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் மயிலாடியில் குரு இல்லை, ஆலயம் இல்லை, மிஷன் பணம் இல்லை. வேதமாணிக்கம் மட்டும் இருந்தார். தம் உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கற்றுக்கொடுத்தார். தெற்குத் திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபையின் தொடக்கம் இதுதான். ஐரோப்பியர் எவரும் அங்கே வருவதற்கு முன்பே ஒரு தலித் வீட்டிலிருந்து ஒரு சபை உருவாகிவிட்டது. சோற்றுக்காக மாறியவர்கள் என்று ஏளனம் செய்வோர், அந்த ஏழு ஆண்டுகளில் சோறு போட்டவர் யார் என்று சொல்ல வேண்டும்.

சோற்றுக்குப் பதில் தொல்லைதான் வந்தது. மேல்சாதியாரின் நெருக்கடி பெருகவே, தம் மக்களை அழைத்துக்கொண்டு தஞ்சைப் பக்கம் குடிபெயர்ந்துவிடலாமா என்று வேதமாணிக்கம் எண்ணினார். மறுபடியும் வடக்கே நடந்தார். இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே 1804 இறுதியில் தரங்கம்பாடிக்கு வந்திருந்தார். அவரைக் கண்டு தம் ஊருக்கு வரும்படி வேதமாணிக்கம் வேண்டினார். அதனை ஏற்ற ரிங்கல்தௌபே, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து 1806 ஏப்ரல் 25 அன்று மயிலாடிக்கு வந்தார். வரலாற்று நூல்களில் பெரும்பாலும் அன்றுதான் கதை தொடங்குகிறது. அன்றைக்கு வேதமாணிக்கத்தின் ஊழியத்துக்கு வயது ஏழு.

ஆலயம் கட்டுவதற்கு அரசின் அனுமதி வேண்டியிருந்தது. திவான் வேலுத்தம்பி இருந்தவரை அது கிடைக்கவில்லை. கும்பினிக்கு எதிராக வாளெடுத்த வீரர் என்று வேலுத்தம்பியை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம், அது பொய்யன்று. ஆனால் மயிலாடிப் பறையர்களுக்கு அவர் ஒரு கூரையையும் நான்கு சுவரையும் மறுத்த அரசின் முகம். 1808 இறுதியில் கிளர்ச்சி வெடித்தபோது, ஆங்கிலேயருக்கு வேண்டியவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் அஞ்சி ஒடுங்கி வாழ நேர்ந்தது. 1809 தொடக்கத்தில் கும்பினிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடித்தது, கிளர்ச்சி அடங்கியது, வேலுத்தம்பி மாண்டார். பிறகு ரெசிடெண்டு கர்னல் மெக்காலேயின் செல்வாக்கால் அனுமதி வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு அந்நிய ஆட்சியின் தயவு தேவைப்பட்டதை வைத்து அவர்களைக் குறை சொல்வது எளிது. உள்நாட்டு ஆட்சி ஒரு பிரார்த்தனைக் கூடத்தைக்கூட அவர்களுக்கு விட்டுவைக்கவில்லை என்பதை அதே மூச்சில் சொல்வோர் குறைவு.

அந்த ஆண்டே மயிலாடியில் ஆலயம் எழுந்தது, பள்ளியும் தொடங்கியது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் வேரை அந்த 1809ஆம் ஆண்டுப் பள்ளியில்தான் காண்கிறது. அக்கல்லூரியில் படித்து வக்கீலாகவும் ஆசிரியராகவும் ஆன எத்தனை தலைமுறைகளுக்கு, அப்பள்ளி ஒரு பறையரின் அழைப்பால் வந்தது என்பது தெரியும்?

அடுத்த சில ஆண்டுகளில் தாமரைக்குளம், பிச்சைக்குடியிருப்பு, புத்தளம், ஆத்திக்காடு, கோவில்விளை, ஈத்தாமொழி ஆகிய ஊர்களிலும் சபைகள் தோன்றின. மயிலாடியோடு ஏழு. இவற்றில் நாடார்கள் பெருமளவில் சேர்ந்தனர். அக்காலத் திருவிதாங்கூரில் அவர்களும் தலைவரியாலும் ஊழியத்தாலும் நசுக்கப்பட்டவர்களே. ரிங்கல்தௌபே விசித்திரமான மனிதர்: தம் சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார், சிறு குடிசையில் வாழ்ந்தார், ஊரை விட்டுப் போகும்போது உடுத்த நல்ல மேலங்கிகூட அவரிடம் இல்லை. அவருடைய துறவை எழுதியவர்கள் பலர் உண்டு. நாங்கள் இங்கே நிறுத்திக்கொள்கிறோம்.

உடல் நலிந்து 1816இல் அவர் புறப்பட்டார். போகுமுன் சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். அடுத்த மிஷனெரி சார்லஸ் மீட் 1817 இறுதியை ஒட்டி வந்து சேரும்வரை, நாடார்களும் சாம்பவர்களும் கலந்திருந்த ஏழு ஊர்ச் சபைகளை நடத்தியவர் ஒரு பறையர்தான். ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டது எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு மயிலாடியில் ஏறக்குறைய நிறைவேறியது. அதுவும் எப்படிப்பட்ட ஊர்களில்? அவர் குலத்தார் பொதுவழியில் நடக்கவே முடியாத ஊர்களில். அந்த இடைக்காலத்தைப் பல நூல்கள் மிஷனெரி இல்லாத காலம் என்று ஒரு வரியில் கடக்கின்றன. தலித் வரலாற்றைப் படிப்போருக்கு அதுவே இவ்வாழ்க்கையின் உச்சம்.

மீட் வந்தபின் 1818இல் மிஷன் தலைமை நாகர்கோவிலுக்கு மாறியது. அச்சகம், செமினரி, பெரிய ஆலயம் என்று பணி விரிந்தது. எண்ணிக்கையில் நாடார்கள் பெரும்பான்மையினர் ஆனார்கள். சபையின் முகமும் அதற்கேற்ப மாறியது. முதலில் வந்தவர்களின் பிள்ளைகள் பின்வரிசைக்குப் போனார்கள். வேதமாணிக்கம் 1827இல் மறைந்தார். அவர் மறைந்து 28 ஆண்டுகள் கழித்துத்தான், 1855இல், திருவிதாங்கூர் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வர 1936 ஆயிற்று. சிதம்பரத்தை நோக்கி நடந்த அந்தச் சிவபக்தர் தம் சொந்த நாட்டுச் சிவன் கோயிலுக்குள் போக, இறந்தபின்னும் 109 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

இனிச் சட்டத்துக்கு வருகிறோம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, மூன்றாம் பத்தியில், இந்து மதம் அல்லாத மதத்தைச் சார்ந்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துவந்த சூசை என்பவர், தம் அருகில் அதே வேலை செய்த இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்த பெட்டிக்கடை தமக்குக் கிடைக்காததை எதிர்த்து வழக்காடினார். 1985இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பின்னும் சாதியின் ஊனம் அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்பது அதன் சாரம். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை. இதே கேள்வியை மீண்டும் ஆராய 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது.

ஆதாரம் கேட்கிறார்கள். வேதமாணிக்கத்தின் வாழ்க்கையே அதன் முதல் பக்கம். ஞானஸ்நானம் பெற்றவரைத் திருவிதாங்கூரின் ஆதிக்கச் சாதியார் வேதமாணிக்கமாகப் பார்க்கவில்லை, பறையராகவே பார்த்தார்கள். அதனால்தான் ஊரையே பெயர்த்துக்கொண்டு போக அவர் எண்ண நேர்ந்தது. ஆனால் 1806ஆம் ஆண்டின் நிகழ்ச்சியை வைத்து இன்றைய வழக்கை வெல்ல முடியாது. நாரணாபுரம், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்து மாணவத் தோழர்கள் தத்தம் ஊரில் சேகரிக்க வேண்டியவை உண்டு: சபையின் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிறதா, இருந்தால் யார் எந்தப் பக்கம் அடக்கம் செய்யப்படுகிறார்கள், திருமணப் பதிவேட்டில் சாதி கடந்த மணங்கள் எத்தனை, சபைக் குழுவில் தலித் உறுப்பினர் எத்தனை பேர், ஆலையில் மருந்து அறைக்கு எந்தத் தெருவினர் அனுப்பப்படுகிறார்கள், சாதிப் பெயர் சொல்லித் திட்டியதாகக் கொடுத்த புகார், புகார்தாரர் கிறிஸ்தவர் என்பதால் எத்தனை முறை சாதாரணப் பிரிவில் பதிவானது. தேதியும் ஊரும் சாட்சியின் ஒப்புதலும் சேர்த்து, ஒவ்வொன்றையும் தனித்தாளில் எழுதிவையுங்கள்.