அண்ணல் கற்பித்த ஆடை நெறி

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்தப் பாதியையும் ஒரு சாராருக்கு மறுத்துவந்ததும் இந்நாடே ஆகும். ஆதலின் நம் இளைஞர்க்கு உடை என்பது அலங்காரம் பற்றிய செய்தி மட்டுமன்று. உரிமை பற்றிய செய்தியுமாகும். இதனைத் தம் வாழ்வில் உணர்ந்து, தம் மக்களுக்கு உடுத்தும் முறையையும் கற்பித்த பெருந்தகை அண்ணல் அம்பேத்கர் ஆவார். அரசியல் சட்ட மேதையாக அவரை அறிந்த நாம், அன்றாட வாழ்க்கையின் ஆசிரியராகவும் அவரை அறிதல் வேண்டும்.

பீமராவ் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவில் உள்ள மோவ் இராணுவக் குடியிருப்பில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக விளங்கியவர். சதாராவில் பயின்றபோது, வகுப்பில் தனியே ஒரு சாக்குத் துணியில் அமர்ந்துதான் பீமராவ் பாடம் கேட்டார். பள்ளிப் பணியாள் வந்து ஊற்றினாலன்றி அவருக்குக் குடிநீர் இல்லை.

1901-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், வெளியூரில் காசாளராகப் பணிபுரிந்த தந்தையைக் காண, பீமராவும் தமையனாரும் தமக்கையின் மக்களும் புறப்பட்டனர். புதிய சட்டை, பளபளக்கும் தொப்பி, பட்டுக்கரை வேட்டி, புதுக் காலணி என அனைத்தும் பயணத்திற்கென்றே வாங்கப்பட்டன. மசூர் இரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவர்களை, உயர்குலத்தார் எனக் கருதி நிலைய அதிகாரி அன்புடன் விசாரித்தார். அவர்கள் மகார் குலத்தவர் என்று அறிந்தவுடன் அவர் முகம் மாறிற்று. வண்டிக்காரர் எவரும் அவர்களை ஏற்ற முன்வரவில்லை. இறுதியில் இருமடங்கு கூலி பெற்ற ஒருவர் வண்டியைச் சிறுவர்களே ஓட்டும்படி விட்டுவிட்டு, தாம் உடன் நடந்து வந்தார். கையில் உணவிருந்தும் பருக நீர் கிடைக்காமல் அவர்கள் பட்டினியாகவே இரவைக் கழித்தனர். நல்லாடை ஒன்றே சாதி இழிவை நீக்கிவிடாது என்னும் உண்மை, ஏறத்தாழ பத்து வயதிலேயே அவர் உள்ளத்தில் பதிந்தது.

1913-இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலண்டனிலும் பயின்று, 1917-இல் பரோடா அரசின் பணியேற்கச் சென்றார். அங்கும் அவருக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்தவரைப் பதினோராம் நாள் தடிகளுடன் வந்த கூட்டத்தார் வெளியேற்றினர். ஆடையும் பட்டமும் அவரைக் காக்கவில்லை. எனினும் அவர் அவ்விரண்டையும் கைவிட்டாரில்லை. தம் மக்கள் அனைவரும் அவற்றைப் பெறுதல் வேண்டும் என்றே முடிவு செய்தார்.

1927-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மகாடு நகரின் பொதுக்குளத்தில் நீர் அருந்தி உரிமையை நிலைநாட்டினார். அவ்வாண்டு டிசம்பரில் அங்கு மீண்டும் கூடிய மாநாட்டின்போது பெண்களிடம் தனியே உரையாற்றினார். அக்காலத்தில் அப்பெண்கள் முழங்காலளவே சேலை உடுத்தி, கழுத்திலும் கையிலும் கனத்த மலிவு உலோக அணிகளைச் சுமந்தனர். பார்த்தவுடன் சாதியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் அவை. அவற்றைக் களைந்து, பிற பெண்களைப் போலவே கணுக்கால்வரை சேலை உடுத்துமாறும், ஆடை கிழிந்ததாயினும் தூயதாக இருத்தல் வேண்டுமென்றும், பெண் மக்களையும் பள்ளிக்கு அனுப்புமாறும் அவர் அறிவுறுத்தினார். ஊர் திரும்பும் முன்னரே பெண்கள் பலர் சேலை கட்டும் முறையை மாற்றிக்கொண்டனர்.

இதன் அருமை நம் பகுதியினர்க்கு நன்கு விளங்கும். 1930-ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில், ஒடுக்கப்பட்டோரின் பேராளர்களாக அண்ணலும் நம் இரட்டைமலை சீனிவாசனாரும் அமர்ந்தனர். அம்மாநாடு நடந்துகொண்டிருந்த டிசம்பர் திங்களிலேயே, நம் மதுரைச் சீமையை அடுத்த இராமநாதபுரம் மாவட்டத்தில் சாதி ஆணவத்தார் எட்டுத் தடைகளை விதித்தனர். ஆதிதிராவிட ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ அணிதலும் பூச்சூடுதலும் ஆகாது. குடையும் செருப்பும் கூடா என்பன அவற்றுட் சில. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாகப் பெருகின. பிள்ளைகள் கல்வி கற்றலாகாது என்பதும் அவற்றுள் ஒன்றாயிற்று. உடையைத் தடுத்த கையே ஏட்டையும் தடுத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

காந்தியடிகள் 1921-இல் மதுரையில்தான் அரையாடை பூண்டார். உடுக்க உடையிருந்தும் அதனைத் துறந்த அவருக்கு அது துறவு. அரையாடையே விதியென்று சுமத்தப்பட்டவர்க்கோ முழு உடையே விடுதலையாகும். அண்ணல் மன்றங்களில் மேலைநாட்டு உடையில் மிடுக்குடன் தோன்றியதன் பொருளை இவ்வாறே நாம் உணர்தல் வேண்டும். எனினும் அவர் அவ்வுடை ஒன்றிற்கே அடிமைப்பட்டவரல்லர். இல்லத்தில் எளிய தளர்ந்த உடையில் இருப்பார். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது, வெண்ணிற வேட்டியும் வெண்ணிற மேலங்கியும் அணிந்து, வெள்ளாடை உடுத்த இலட்சக்கணக்கான மக்களிடையே நின்றார். இடமறிந்து உடுத்தல் என்பதற்கு அவர் வாழ்வே இலக்கணமாயிற்று.

1942-இல் நாகபுரியில் கூடிய பெண்கள் மாநாட்டிலும் தூய்மை பேணல், தீய பழக்கம் தவிர்த்தல், தாழ்வு மனப்பான்மையை நீக்கல், திருமணத்தில் விரையாமை ஆகியவற்றை வற்புறுத்தினார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். 1956 டிசம்பர் 6-ஆம் நாள் மறைந்தார்.

இளைஞர்களே! வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து திண்டுக்கல் நகருக்கு நேர்முகத் தேர்வுக்கு வரும் நம் பிள்ளைகளுட் பலர், தம் குடும்பத்தில் அத்தகைய தேர்வுக்குச் செல்லும் முதல் தலைமுறையினர். சொல்லித்தர வீட்டில் ஆளில்லாதபோது சங்கத்தில் கேட்டறிதல் இழிவன்று. முதல்நாள் இரவே சட்டையைத் துவைத்துத் தேய்த்து வையுங்கள். சான்றிதழ்களை வரிசையாக அடுக்கி உறையிலிடுங்கள். நூற்பாலையிலோ தோல் பதனிடும் தொழிற்சாலையிலோ உழைப்போர் வேலையுடையை வேலைக்கென வைத்துக்கொண்டு, குளித்து மாற்றுடையில் வெளியே செல்லுங்கள். துக்க வீட்டிற்கு எளிய உடையும், மணவீட்டிற்கு உள்ளவற்றுள் நல்லதும் போதும். கடன்பட்டுப் பட்டுடுத்த வேண்டா. விலையுயர்ந்த துணியைவிடத் துவைத்த துணி மேலானது. துணிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் புத்தகத்திற்கு எடுத்து வையுங்கள். இரண்டும் நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டவை. இரண்டையும் சேர்த்தே நாம் பெறுதல் வேண்டும்.