உட்ரோ வில்ஸன்

கலாசாலையில் பாடம் போதித்த ஆசிரியர் ஒருவர், மகா யுத்தமொன்றின் முடிவை வகுக்கும் பொறுப்பை அடைதல் சரித்திரத்தில் அரிது. அப்பொறுப்பை அடைந்தும், தாம் நாடிய பயனை முற்றும் பெறாது மறைந்த உட்ரோ வில்ஸனின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

அவர் 1856-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள வர்ஜீனியாவில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். அந்நாட்டு உள்நாட்டுப் போரின்போது தந்தையார் ஊழியஞ்செய்த ஆலயமே காயமுற்ற போர்வீரர்க்கு வைத்தியசாலையாயிற்று. இவ்வாறு யுத்தத்தின் கோரத்தைப் பாலப் பருவத்திலேயே கண்டவர், பின்னர் அரசியலும் சரித்திரமும் கற்று, 1902-இல் தாம் பயின்ற பிரின்ஸ்டன் கலாசாலைக்கே தலைவரானார். 1913-இல் நாட்டின் ஜனாதிபதியாகப் பதவியேற்றார்.

1914 ஜூன் 28-இல் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டு ஸாராஜீவோ நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு மாதங் கழித்து ஆஸ்திரியா ஸெர்வியாவின்மீது போர் தொடுத்தது. உடன்படிக்கைகளாற் பிணிப்புண்டு ஒன்றையொன்று ஐயுற்றிருந்த ஜெர்மனி, ருஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய வல்லரசுகள் ஆகஸ்டு 4-க்குள் களத்தில் இறங்கின. மனைவியார் மரணப்படுக்கையிற் கிடந்த அந்நாட்களிலேயே, தம் நாடு நடுநிலை வகிக்கும் என வில்ஸன் அறிவித்தார்.

1915 மே 7-இல் ஜெர்மானிய நீர்மூழ்கி லூஸிட்டேனியா கப்பலைத் தகர்த்தபோது, மாண்டோருள் நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்கரும் இருந்தனர். அப்பொழுதும் அவர் பொறுத்தார். ஆனால் 1917-இல் ஜெர்மனி நீர்மூழ்கிகளை வரம்பின்றி ஏவியதோடு, மெக்ஸிகோவைத் துணைக்கழைத்த இரகசியத் தந்தியும் வெளிப்படவே, ஏப்ரல் 6-இல் அமெரிக்கா போரிற் புகுந்தது.

1918 ஜனவரி 8-இல் வில்ஸன் சமாதானத்திற்குரிய பதினான்கு அம்சங்களை வெளியிட்டார். இரகசிய உடன்படிக்கைகளை ஒழித்தல், படைகளைக் குறைத்தல், சர்வதேச சங்கம் அமைத்தல் என்பன அவற்றுட் சில. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் தளர்ந்த ஜெர்மனி, அவ்வம்சங்களையே ஆதாரமாகக் கொண்டு சமாதானம் வேண்டிற்று; நவம்பர் 11-இல் பீரங்கிகள் ஓய்ந்தன.

பாரிஸ் மகாநாட்டிற்கு வில்ஸன் நேரிற் சென்றார். சர்வதேச சங்கம் ஒன்றைப் பெறுதற்பொருட்டு, நேச நாட்டுத் தலைவர்க்குப் பலவற்றில் இணங்கினார். 1919 ஜூன் 28-இல் வர்ஸேல்ஸ் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. ஆயின் அந்நியர்க்கு இணங்கியவர் தம் நாட்டாருக்கு இணங்கிலர். செனட் சபையார் வேண்டிய திருத்தங்களை மறுத்து, மக்களிடம் முறையிட நாடெங்கும் பிரயாணஞ் செய்து, அக்டோபரிற் பக்கவாதத்தால் வீழ்ந்தார். படுக்கையிலிருந்தும் அவர் தளர்ந்தாரல்லர். திருத்தங்களோடு கூடிய உடன்படிக்கையை எதிர்க்குமாறு தம் கட்சியாரை ஏவினார். 1920 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் ஏழு வாக்குகள் குறைந்தன. அமெரிக்கா இன்றியே சங்கம் நடைபெற்றது. வில்ஸன் 1924 பிப்ரவரி 3-இல் காலமானார். 1939-இல் உலகம் மீண்டும் பெரும் போரிற் புகுந்தது.

பிறநாட்டு மக்களின் உரிமை பேசிய அவரது ஆட்சியிலேயே, அரசாங்க அலுவலகங்களிற் கறுப்பினத்தார் பிரித்து வைக்கப்பட்டனர் என்பதையும் நாம் மறைத்தல் முறையன்று. எனினும் 1945-இல் ஐக்கிய நாடுகள் சபை தோன்றியபோது, அவர் விதைத்த எண்ணமே மீண்டும் முளைத்தது. கொள்கையில் உறுதி வேண்டும். ஆனால் அக்கொள்கை நிலைபெறுதற்கு எதை விட்டுக்கொடுக்கலாம் என்னும் தெளிவும் வேண்டும். கல்வி பயிலும் நாம் வில்ஸனிடம் கற்கத்தக்கவை இவ்விரண்டுமே.