ஆல்டஸ் மனூஷியஸும் சாய்வெழுத்தும்

ஆங்கில நூல்களை வாசிக்குங்கால், ஒரு சொல்லை வற்புறுத்த வேண்டிய இடங்களில் வலப்புறம் சாய்ந்த எழுத்துக்களைக் காண்கின்றோம். இத்தாலி தேசத்திற் பிறந்தமையால் இவை இட்டாலிக் என வழங்கப்படுகின்றன. இவற்றை உலகிற்கு அளித்த ஆல்டஸ் மனூஷியஸ் என்பாரின் சரித்திரம் மாணாக்கர் அறியத்தக்கதொன்றாம்.

இவர் ஏறக்குறைய 1450-ஆம் ஆண்டில் ரோமாபுரிக்குத் தெற்கேயுள்ள பாஸியானோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். ரோமிலும் பெராராவிலும் கல்வி பயின்று, கார்ப்பி நகரத்து இளவரசர்க்கு ஆசிரியராய் அமர்ந்தார். கிரேக்கப் பெருநூல்களை அச்சேற்றல் வேண்டுமென்னும் வேட்கை அவருள்ளத்தே மூண்டது. நாற்பதாண்டு கடந்தபின் ஆசிரியத் தொழிலை விடுத்து, வெனிஸ் நகரில் அச்சுக்கூடம் நிறுவினார். 1495 முதல் 1498 வரை அரிஸ்டாட்டிலின் நூல்களை ஐந்து பெருந் தொகுதிகளாக வெளியிட்டார்.

அத்தகைய நூல்கள் மேசைமீது வைத்துப் படித்தற்கே ஏற்றன. செல்லுமிடந்தோறும் கையிற் கொண்டு செல்லத்தக்க சிறு நூல்களை ஆக்க ஆல்டஸ் விரும்பினார். அறிஞர் விரைந்தெழுதும் சாய்ந்த கையெழுத்தே அந்நூல்களுக்குரிய அச்செழுத்திற்கு மாதிரியாயிற்று. அதனை எஃகில் வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிபோ என்னும் கம்மியர். 1501-ஆம் ஆண்டில் வர்ஜில் என்னும் கவியின் நூல், ஒரு தாளை எட்டு இதழாக மடித்த சிறிய அளவில், முழுவதும் இவ்வெழுத்தாலேயே வெளிவந்தது. அதிற் சிறிய எழுத்துக்களே சாய்ந்தன. தலைப்பெழுத்துக்கள் நிமிர்ந்தே நின்றன.

பெயர் பரவவே போலிகளும் தோன்றின. பிரான்சு தேசத்து லியோன் நகர அச்சுக்காரர் இந்நூல்களைக் கள்ளத்தனமாகப் பதித்தனர். ஆல்டஸ் 1503-இல் அவர்தம் பதிப்புக்களிலுள்ள பிழைகளை எடுத்துக்காட்டி அறிக்கை விடுத்தார். அவர்களோ அவ்வறிக்கையைக் கொண்டே தம் பிழைகளைத் திருத்திக் கொண்டனர்!

இவ்வெழுத்தைப் பிறர் வழங்காவண்ணம் வெனிஸ் அரசு 1502-இல் ஆல்டஸுக்கு உரிமை வழங்கியது. வர்ஜில் நூலிலே கிரிபோவைச் சிறு செய்யுளொன்றாற் புகழ்ந்தவர் ஆல்டஸே. எனினும் உரிமைப் பத்திரம் அவர் பெயரிலேயே அமைந்தது. கிரிபோ அவரைப் பிரிந்து சென்று, சொன்சினோ என்னும் அச்சகத்தாருக்கு எழுத்து வெட்டினார். எழுத்தின் பெருமை வெட்டிய கைக்கே உரியதென்று 1503-இல் சொன்சினோ தம் நூலொன்றில் அறிவித்தார்.

ஆல்டஸ் 1515-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் காலமானார். அவர் நூல் முழுமைக்கும் வழங்கிய எழுத்து, பிற்காலத்தில் நிமிர்ந்த எழுத்துக்குத் துணையாய், சிற்சில சொற்களை வற்புறுத்த மட்டும் பயன்படலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் தடித்த எழுத்துக்கள் பெருகின. அவ்விரண்டின் கூட்டத்தாற் பிறந்ததே தடித்த சாய்வெழுத்து. அதனைப் பக்கம் முழுதும் நிரப்பின் கண் சலிக்கும். ஓரிரு சொற்களில் அமைப்பின் கருத்து விளங்கும்.

எண்ணியவர் ஆல்டஸ், வெட்டியவர் கிரிபோ. ஒருவர் பெயரை உலகம் போற்றுகின்றது. மற்றவரைச் சிலரே அறிவர். சாய்ந்த எழுத்தைக் காணுந்தோறும் இருவரையும் ஒருங்கே நினைத்தல் கற்றோர் கடனாம்.